அச்சில் வெட்டிய அலைக்கோடுகள்

தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலரை நான் பார்த்ததுகூட இல்லை. ஒரகடத்தில் நான் உட்கார்ந்திருந்த அதே மேசையில் இப்போது ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மற்றவர்கள் ஸ்ரீபெரும்புதூர் வரை பல தொழிற்சாலைகளில் இருக்கிறீர்கள். "உங்க அனுபவத்துல நாலு நல்ல விஷயம் எழுதிக் குடுங்க சார்" என்று உங்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள் கேட்டார்கள். நல்ல விஷயங்களும் நடந்திருக்கின்றன. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. அதனால் அதையே எழுதிவிடுகிறேன்.

சுற்றிலும் கார் உதிரிபாகம் செய்கிறவர்கள் இருந்த இடத்தில் நாங்கள் மட்டும் சாப்பாட்டு டப்பா செய்துகொண்டிருந்தோம். மங்கலான வெள்ளை நிறத்தில் ஒரு சதுர டப்பா, அதற்கு ஒரு மூடி. பிபி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் பாலிபுரோப்பிலீனில் செய்தது. அதன் அடியில் மூன்று அலைக்கோடுகள் இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கோடுகளைப் போடுவதற்கு முன்னால் சோதனை செய்தவன் நான்தான். வெறும் தண்ணீரை ஊற்றிச் சோதித்தால் போதாது, எண்ணெய் மிதக்கும் குழம்பு தண்ணீரைவிட அதிகமாகச் சூடாகும் என்று சண்டை போட்டு, கேண்டீனிலிருந்து குழம்பு வாங்கி வந்து சோதித்தேன். அந்தச் சோதனை அறிக்கையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

பிறகு ஒரு வாடிக்கையாளர் அதே டப்பா கண்ணாடி மாதிரி தெளிவாக வேண்டும் என்று கேட்டார். அதற்கான மாற்றக் குறிப்பு ஒரு தாளில் என் மேசைக்கு வந்தது. அன்று தணிக்கைக்கு வெளியாட்கள் வந்திருந்தார்கள். நான் இரண்டு அறைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். நின்றபடியே தாளைப் பார்த்தேன். டப்பாவை வார்க்கும் அதே அச்சு, அதே அளவு, தோற்றம் மட்டும் தெளிவு. மூலப்பொருள் கட்டத்தில் ஏதோ ஒரு குறியீட்டு எண் இருந்தது. அதன் மேல் என் கண் போனதா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. சோதனை என்ற கட்டத்தில் 'முந்தைய சோதனையே பொருந்தும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த எண் பாலிஸ்டைரீனுடையது. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும். கொதிக்கிற சூட்டில் இளகிவிடும்.

முதலில் அச்சில் ஓட்டிய தெளிவான டப்பாக்களை ஆயுத பூஜைக்கு ஊழியர்கள் எல்லோருக்கும் மூன்று மூன்றாகக் கொடுத்தார்கள். கொடுத்த இடத்தில் நானும் நின்றிருந்தேன். ஓரம் வெட்டும் பிரிவில் வேலை செய்த ஜெசிந்தா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். குன்றத்தூரிலிருந்து வருகிறவள், முப்பது வயது இருக்கும். அவள் கணவன் அருள் எங்கள் கம்பெனி பஸ் ஓட்டுநர்.

"சார், இத்த மைக்ரோவேவ்ல வெக்கலாமா? கண்ணாடி மாதிரி கீது, பயமா இருக்கு."

நான் டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மூன்று கோடுகளும் இருந்தன.

"இந்தக் கோடு இருந்தா தாராளமா வைக்கலாம்மா. மூடியை மட்டும் இறுக்கி மூடாதே, ஆவி போக வழி விடு" என்றேன்.

பக்கத்தில் நின்ற நாலைந்து பெண்களும் கேட்டுக்கொண்டார்கள்.

அதிலிருந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். கேண்டீனில் முதல் பந்தி நேரம். மைக்ரோவேவ் அடுப்புகளுக்கு முன்னால் வரிசை நின்றது. நான் மூன்றாவது மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா வத்தக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். மூடியைத் தளர்த்தித்தான் வைத்தாள், நான் பார்த்தேன். மணி அடித்ததும் துண்டால் இரண்டு பக்கமும் பிடித்து டப்பாவை வெளியே எடுத்தாள். ஓர் அடி வைத்திருப்பாள். நனைந்த அட்டை மாதிரி டப்பாவின் அடி தொங்கியது, அப்படியே பிரிந்தது. குழம்பு முழுவதும் அவள் வலது கை மேலும் தொடை மேலும் கொட்டியது.

முதலில் அவள் கத்தவில்லை. கையில் மிச்சமிருந்த விளிம்பையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

நான் எப்படி அவளிடம் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. கை கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து கையை அடியில் பிடித்தேன். இரண்டு பெண்கள் குவளையில் தண்ணீர் மொண்டு தொடையில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். சமையல்காரர் ஒரு கரண்டி இட்லி மாவோடு ஓடி வந்தார். இன்னொருவர் பற்பசையைப் பிதுக்கிக்கொண்டு வந்தார்.

"எதையும் பூசாதீங்க. தண்ணி மட்டும்" என்று கத்தினேன். கை வீங்குவதற்கு முன்னால் மோதிரத்தையும் வளையல்களையும் சோப்புப் போட்டுக் கழற்றினோம்.

அதற்குள் அருள் வந்துவிட்டான். கம்பெனி காரை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு உள்ளே ஓடி வந்திருந்தான்.

"இன்னா சார் பண்றீங்க? வண்டி ரெடியா நிக்கிது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவாம தண்ணில நிக்க வெச்சிக்கினு கீறீங்க!"

"இருபது நிமிஷம் தண்ணி ஓடணும் அருள். அப்புறம்தான் வண்டி."

"அவ துடிக்கிறா சார்!"

சுற்றி நின்ற எல்லோரும் அவன் பக்கம்தான். என் தோளைப் பிடித்துத் தள்ளக்கூட வந்தார்கள். அவள் கையை நான் விடவில்லை. எனக்கும் சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் முதலுதவி வகுப்பில் சொல்லிக் கொடுத்ததில் அது ஒன்றுதான் மண்டையில் நின்றது. தோல் ஆழமாக வேகாமல் தப்பியதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் அருளிடம் பிறகு சொன்னாராம். அந்த நேரத்தில் கூட்டம் சொன்னதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை.

அருள் ஓட்டிய காரில் நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவளோடு வேலை செய்யும் பெண் பின்னால் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரகடம் மேம்பாலம் தாண்டும்போது ஜெசிந்தா மெதுவாகப் பேசினாள். குரலில் கோபம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது.

"நீங்க சொன்ன மாதிரிதான சார் வெச்சேன்? அந்தக் கோடு இருந்துச்சே. மூடிய கூட லூசாத்தான வெச்சேன்?"

தான் எங்கே தப்பு செய்தோம் என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டு நேராக டூல் ரூமுக்குப் போனேன். அங்கே அச்சுகளைப் பராமரித்தவர் என்னைவிட மூத்தவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தெளிவான டப்பா ஒன்றை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தேன்.

"அண்ணே, இந்தக் கோடு இந்த டப்பாவுல எப்படி வந்துச்சு?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"இன்னா சார் இப்படிக் கேக்குறீங்க? மோல்டுலயே வெட்டிக் கீது, இரும்புல. உள்ள நீங்க இன்னா மெட்டீரியல் வுட்டாலும் அந்தக் கோடு வரும். மெழுக ஊத்துனா மெழுகுலயும் வரும்."

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் நான். அச்சு எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று அதை முதல் முறை கேட்பவன் மாதிரி நின்றேன். அந்தக் கோட்டுக்கும் டப்பாவின் பொருளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் சோதனை மட்டும்தான் அந்த இரண்டையும் சேர்த்து வைத்திருந்தது. இந்தத் தெளிவான டப்பாவுக்கு அதை நான் செய்யவே இல்லை.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?" என்றேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"எழுதி அனுப்ச்சேனே சார். உங்க மேசைக்கு வந்த அந்த மாத்தச் சீட்டுக்குப் பின்னால. கோட்ட அழிச்சிரவான்னு கேட்டிருந்தேன். உங்க கையெழுத்தோட ஓகேன்னு திரும்பி வந்துச்சு. நீங்க பாத்துட்டீங்கன்னு வுட்டுட்டேன்."

என் அறைக்கு ஓடிப்போய் அந்த மாற்றக் குறிப்பை எடுத்தேன். தாளைத் திருப்பினேன். பென்சிலில், குண்டு குண்டான எழுத்தில் இருந்தது: 'மெட்டீரியல் மாறுவதால் அடியில் உள்ள குறியை நீக்கவா?' அன்று நின்றபடியே கையெழுத்துப் போட்டவன் தாளைத் திருப்பவே இல்லை.

ஜன்னல் வழியாக லாரி தெரிந்தது. அதே டப்பாக்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே ஒரு லாரி வாலாஜாபாத் சாலையில் இருந்த வாடிக்கையாளரின் கிடங்குக்குப் போய்விட்டிருந்தது.

ஏற்றுகிற இடத்தில் போய் நிறுத்தச் சொன்னேன். உடனே ஆலை மேலாளர் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, ஆனால் வாடிக்கையாளருக்குக் கொடுத்த நாளைத் தவறவிட்டால் அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரை விடமாட்டார்கள்.

"அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் வெச்சிருக்கும். ஒரு விபத்தை வெச்சு லாரியை நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார்.

"நான் சொல்ல வேண்டாம் சார். நீங்களே வந்து பாருங்க."

கேண்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய பிபி டப்பா ஒன்று, தெளிவான டப்பா ஒன்று. சமையல்காரரிடம் ஒரே குழம்பை வாங்கி இரண்டிலும் ஒரே அளவு ஊற்றி, பக்கத்துப் பக்கத்து அடுப்புகளில் ஒரே நேரம் வைத்தோம். டீ குடிக்க வந்தவர்கள் கலையாமல் நின்று பார்த்தார்கள். மணி அடித்ததும் கதவுகளைத் திறந்தோம். பழைய டப்பா அப்படியே இருந்தது. தெளிவான டப்பா ஒரு பக்கம் சரிந்து, சுழலும் தட்டில் ஒட்டிக்கொண்டு, குழம்பைக் கக்கிக்கொண்டிருந்தது.

மேலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல உங்க கையெழுத்து இருக்குன்னு தெரியுமில்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியும் சார். அதனாலதான் நானே வந்தேன்."

அங்கே நின்றபடியே கிடங்குக்குப் போன் போட்டார். லாரி போய்ச் சேர்ந்திருந்தது, ஆனால் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னார். ஏற்றிக்கொண்டிருந்த லாரியும் இறக்கப்பட்டது. அறிக்கையில் என் தவறை நானே என் வார்த்தையில் எழுதினேன். கொஞ்ச காலம் கையெழுத்துப் போடும் உரிமையை என்னிடமிருந்து எடுத்தார்கள். எடுத்தது நியாயம்தான்.

கடைக்குப் போகவிருந்தது நின்றுவிட்டது. ஆயுத பூஜைக்குக் கொடுத்தது எங்கள் ஆட்கள் வீடுகளில் இருந்ததே! மறுநாள் காலை எல்லோரையும் நிற்கவைத்து, டப்பாக்களைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"எனக்கும் வளைஞ்சிச்சு சார், போன வாரம்."

"எனக்கும்தான். மூடி சுருண்டுக்கிச்சு."

"எங்க வூட்ல சாம்பார் வெச்சப்ப ஓட்டையே வுழுந்துடுச்சு."

"ஏம்மா யாருமே சொல்லல?" என்றேன்.

பேக்கிங் பெண் சங்கடமாகச் சிரித்தாள். "பூஜைக்கு ஓசியில குடுத்தது சார். அதுல போய் இன்னா குத்தம் சொல்றதுன்னு வுட்டுட்டோம்."

புகார்ப் பெட்டி காலியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அத்தனையும் அந்த ஒரு பதிலில் போயின. நீங்களும் அந்தப் பெட்டியை நம்பாதீர்கள். வரிசையில் நின்று சாப்பாடு சுடவைக்கிறவர்களிடம் போய் நீங்களே கேளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூரில் ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனேன். மலைக்கோயிலுக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் தெருவில் மாடி வீடு. விபத்துக்குப் பிறகு வேலைக்கு வராமல் அவளுடனேயே இருந்த அருள் கதவைத் திறந்தான், என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டான். அவள் கையில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தேன், சொல்லிவிட்டேன். அந்தக் கோட்டுக்கு அர்த்தமில்லை என்பதை, தாளின் பின்பக்கத்தை, என் கையெழுத்தை, எல்லாவற்றையும்.

அவள் கைக் கட்டைப் பார்த்தாள்.

"அப்ப என் மேல தப்பு இல்லியா சார்?"

"கொஞ்சம்கூட இல்லம்மா."

"நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சிக்கினே இருந்தேன்" என்றாள். அருள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

சட்டென்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் மாறிவிட்டது.

"ஏங்க! கீழ் வூட்டுல குடுத்தமே ஒண்ணு! அந்தப் பொண்ணு கொழந்தைக்குப் பால் காச்சிக் குடுக்குதே அதுல!"

நானும் அருளும் செருப்புக்கூடப் போடாமல் படியில் இறங்கினோம். கீழ் வீட்டில் ஓர் இளம் தாய். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுப் போகிறவள். அன்று விடுமுறை. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு, அதன் மேல் கழுவிக் கவிழ்த்த டப்பா. நான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உட்புறம் முழுவதும் தலைமுடி மாதிரி வெள்ளை வெள்ளையாக விரிசல் ஓடியிருந்தது. ஒரு மூலை பள்ளமாக இறங்கியிருந்தது.

"எத்தனை நாளா இதுல காய்ச்சுறீங்கம்மா?"

"பத்து நாளா சார். ஏன்? உள்ள கோடு கோடா வந்துச்சு, தேச்சாலும் போவல. பால் கறைன்னு நெனச்சேன்."

அருள் நடந்ததைச் சொன்னான். அவள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். நான் எதிர்பார்த்தபடி அவள் அழவில்லை. விளக்கம் சொல்கிறவள் மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"ஓட்டல் பார்சல் டப்பால சூடு பண்ணக் கூடாதுன்னு போன்ல பாத்தேன் சார். அத்த எல்லாம் தூக்கிப் போட்டேன். ஐஸ்கிரீம் டப்பா நாலு இருந்துச்சு, அத்தையும் போட்டேன். அடியில அந்தக் கோடு போட்டிருந்தது இது ஒண்ணுதான். பாத்து எடுத்து வெச்சேன் சார், கொழந்தைக்குன்னு."

கவனமில்லாதவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, தேடித் தேடி எடுக்கிறவளைத்தான் என் கையெழுத்து ஏமாற்றியிருந்தது.

அன்றே குழந்தையை டாக்டரிடம் காட்டினோம். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சமையலறையில் அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப எதுலதான் சார் வெக்கிறது? இவனுக்கு இப்பப் பால் நேரம்."

'இது சரி, அது சரி' என்று வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அலமாரியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எவர்சில்வர் கிண்ணம் ஆகாது, பொறி பறக்கும். பூப்போட்ட பீங்கான் கோப்பை ஒன்றின் விளிம்பில் தங்கக் கோடு இருந்தது, அதுவும் உலோகம்தான், ஆகாது. மெலமைன் தட்டு பீங்கான் மாதிரி தெரிந்தாலும் பிளாஸ்டிக்தான், தானே சூடாகிவிடும், ஆகாது. கடைசியில் எந்தக் கோடும் பூவும் இல்லாத ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் கிடைத்தது. விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். அதைக் காலியாக அடுப்பில் வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டேன். தண்ணீர் சூடாகியிருந்தது. கிண்ணம் குளிர்ந்தே இருந்தது. அவளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்தாள்.

பிறகு கிண்ணத்தில் பாலை ஊற்றி, பொங்காத அளவுக்குச் சூடாக்கி, ஸ்பூனால் நன்றாகக் கலக்கி அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. குழந்தை கையை நீட்டி அழுதது. அவள் என் முகத்தையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொதல்ல நீங்க குடிங்க சார்" என்றாள்.

நின்றபடியே குடித்தேன்.